பனிமுனையும் நகை இதழ்களும்: துருவப் போட்டியில் எள்ளல் நின்ற இடம்

1. நகையின் நிலைக்களம்

நகை என்னும் மெய்ப்பாடு எவ்வெவற்றை இடமாகக் கொண்டு பிறக்கும் என வரையறுத்த தொல்காப்பியர், எள்ளலை முதற்கண் வைத்து, இளமையையும் பேதைமையையும் மடத்தையும் அதனோடு சேர்த்து எண்ணினார். உரையாசிரியராகிய பேராசிரியர் எள்ளலை மேலும் இரண்டாகப் பகுப்பர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதல் மற்றொன்று. செய்யுளின் பொருட்டு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, இதழ்களின் வரலாற்றை ஆராய்வார்க்கும் பெரிதும் துணைசெய்யும் என்பது எம் கருத்து. ஒரு நகைச்சுவை இதழ் யாரை நகைக்கின்றது என்று கேட்பதோடு நாம் அமைதல் ஆகாது. நகைப்பவர் எங்கு நின்று நகைக்கின்றார், நகைப்பினால் அவர் இழப்பதும் பெறுவதும் யாவை என்றும் கேட்டல் வேண்டும்.

இக்கேள்விகளைத் தொடுத்துப் பார்த்தற்கு ஏற்ற களம் ஒன்று மேலைநாட்டு இதழ் வரலாற்றில் உண்டு. அது துருவப் பயணம் பற்றிய நகைப்பகுதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 20ஆம் நூற்றாண்டின் முதற் பகுதி வரை, ஏறத்தாழ நூறாண்டுக் காலம், வடமுனையும் தென்முனையும் மேலைநாடுகளின் பெருமைப் போட்டிக்கு இலக்காயின. அந்நூறாண்டே நகைச்சுவை இதழ்கள் தோன்றி ஓங்கிய காலமும் ஆகும். முனைகளை நேரிற் கண்டு வந்து உண்மை கூற வல்லார் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. எனவே மக்கள் அறிந்த துருவம் பெரும்பாலும் அச்சில் வந்த துருவமே. அச்சிலேயே பிறந்து அச்சிலேயே வாழ்ந்த நகை இதழ்கள் இதனைப் பிறர்க்கு முன்னரே கண்டுகொண்டன.

இக்கட்டுரையில் இருவகை இதழ்களை ஒப்பிட்டு ஆராய்கின்றோம். ஒன்று, நகரத்தில் இருந்துகொண்டு பயணம் போனாரை நகைத்த இதழ். மற்றொன்று, பயணம் போனாரே பனியிடைச் சிறைப்பட்ட காலத்துத் தம்மைத் தாமே நகைத்துக்கொண்ட இதழ். முன்னது பிறரை எள்ளிய நகை. பின்னது தம்மை எள்ளிய நகை. இரண்டும் ஒரே ஆண்டில் தோன்றின என்பது வியப்பிற்குரியது.

2. ஓராண்டில் தோன்றிய இரு நகைகள்

1818ஆம் ஆண்டு, வடமேற்குக் கடல்வழியைத் தேடி ஜான் ராஸ் என்னும் கடற்படைத் தலைவரை இங்கிலாந்து அனுப்பியது. இசபெல்லா, அலெக்சாண்டர் என இரு கலங்கள் சென்றன. இரண்டாம் கலத்தின் தலைவர் எட்வர்டு பாரி. லங்காஸ்டர் நீரிணையுட் புகுந்த ராஸ், எதிரே ஒரு மலைத்தொடர் வழியை அடைத்து நிற்பதாகக் கண்டார். கடற்படை ஆட்சியகத்தின் முதற் செயலாளராகிய குரோக்கரின் பெயரை அதற்கு இட்டுவிட்டுக் கலத்தைத் திருப்பினார். அம்மலை உண்மையில் அங்கு இல்லை. பனிக்கடலின் மேல் ஒளி செய்த மயக்கமே அது. உடன் சென்றாருள் பாரி முதலியோர் அப்போதே ஐயுற்றனர்.

ராஸ் மீண்டு வந்த சின்னாட்களில், 1819ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாளிட்டு, ஜார்ஜ் குரூக்ஷாங்கு வரைந்த கேலிப்படம் ஒன்று இலண்டனில் வெளிவந்தது. அதன் கருத்தைத் தந்தவர் கடற்படை அலுவலரும் பின்னாளில் புதின ஆசிரியராகப் புகழ்பெற்றவருமாகிய பிரடெரிக் மாரியட். கருவூலங்களைக் கரையிறக்குதல், அதாவது துருவப் பயணத்தின் பயன்கள் என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பு அமைந்தது. ராஸும் அவர்தம் மாலுமிகளும் பிரித்தானியப் பொருட்காட்சி நிலையத்தை நோக்கி ஊர்வலமாகச் செல்கின்றனர். இறந்த வெண்கரடி ஒன்றும், செம்பனி அடைத்த மிடா ஒன்றும் சுமந்து செல்லப்படுகின்றன. மாலுமிகள் தம் மூக்கைக் குளிருக்குப் பறிகொடுத்துவிட்டனர். பெரும்பொருள் செலவிட்டு நாடு பெற்றது இவ்வளவே என்பது படத்தின் குறிப்பு.

இப்படம் குளிரை நகைக்கவில்லை. மூக்கிழந்த மாலுமியின் துன்பத்தை நகைப்பதும் அதன் முதன்மை நோக்கமன்று. வெற்றி ஊர்வலம் என்னும் கோலத்தையே அது நகைக்கின்றது. சென்றவர் செய்தது யாது என்பதினும், வந்தவர் சொல்லிக்கொள்வது யாது என்பதே அதற்குப் பொருளாயிற்று. நகர் இதழ்களின் துருவ நகை பின்னர் நூறாண்டு சென்ற தடம் இதுவே.

அவ்வாண்டிலேயே பாரி தனித்தலைமை பெற்று ஹெக்லா, கிரைப்பர் என்னும் கலங்களோடு புறப்பட்டார். ராஸ் மலை கண்ட இடத்தில் கடல் விரிந்து கிடந்தது. அதன் வழியே நெடுந்தொலை மேற்கே சென்று, மெல்வில் தீவின் கரையில் பனியிடைத் தங்கினார். ஏறத்தாழ மூன்று திங்கள் கதிரவனைக் காணாத அக்குளிர்காலத்தில், 1819ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் தொடங்கி ஒரு வார இதழ் கலத்திலே நடந்தது. ‘நார்த் ஜார்ஜியா கெசட்’ என்பது அதன் பெயரின் முற்பகுதி. 1820 மார்ச்சு வரை 21 இதழ்கள் வந்தன. எழுதியவர் பெயர் மறைந்திருக்கும். போலி விளம்பரங்களும், ஆசிரியர்க்கு விடுத்த போலிக் கடிதங்களும், கலத்தில் நடந்த நாடகத்தைப் பற்றிய திறனாய்வும், ஒன்றும் எழுதித் தாராத சோம்பரைக் குத்தும் குறும்புரைகளும் அதில் இடம்பெற்றன. 1821இல் அஃது இலண்டனில் நூலாக அச்சேறியது.

அவ்விதழின் ஆசிரியர் எட்வர்டு சபைன். அவர் முன்னைய பயணத்தில் ராஸுடன் சென்றவர். 1819இல் ராஸின் நூலை மறுத்து ஒரு சிறுநூல் வெளியிட்டவர். தம் காந்த ஆய்வுக் குறிப்புகளை ராஸ் தமதாக்கிக்கொண்டார் என்று குற்றம் சாட்டியவர். ராஸும் விடை எழுதினார். ஆகவே ஒரே மனிதர் ஒரே ஆண்டில் நகரத்தில் பூசல் நூல் எழுதினார். பனியில் நகை இதழ் நடத்தினார். மனிதர் வேறுபடவில்லை, நின்ற இடமே வேறுபட்டது. நகரத்தில் பெயரும் பெருமையும் பங்கிடப்பட்டன. பனியில் இருட்டும் குளிரும் பங்கிடப்பட்டன. இடம் வேறுபட, எழுத்தின் தொழிலும் வேறுபட்டது.

3. முனை என்னும் நங்கை

நகை இதழ் என்னும் இலக்கிய வகை தனித்து நிலைபெற்றது இதன் பின்னரே. பாரிசில் 1832இல் ‘ஷாரிவாரி’ தோன்றியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1841இல் இலண்டனில் ‘பஞ்ச்’ பிறந்தது. பெர்லினில் 1848இல் ‘கிளாடரடாச்’, நியூயார்க்கில் 1877இல் ஆங்கிலப் பதிப்பாகப் ‘பக்’, 1881இல் ‘ஜட்ஜ்’, 1883இல் ‘லைஃப்’, மியூனிக்கில் 1896இல் ‘சிம்ப்ளிசிசிமஸ்’ எனத் தொடர்ந்து இதழ்கள் எழுந்தன. அரசியலையும் நாகரிகப் போலியையும் வாரந்தோறும் எள்ளுவதே இவற்றின் தொழில்.

ஆயின் எள்ளுவதற்கென்றே தோன்றிய இதழ், தன் நாட்டின் பெருமை முன்வந்து நிற்கும்போது எள்ளலைக் கைவிடுவதும் உண்டு. 1875ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், நேர்ஸ் என்பாரின் தலைமையில் அலர்ட், டிஸ்கவரி என்னும் கலங்கள் வடமுனையை நோக்கி போர்ட்ஸ்மத் துறையிலிருந்து புறப்பட்டன. சூன் 5ஆம் நாள் பஞ்ச் இதழ் முழுப்பக்கப் படம் ஒன்றை வெளியிட்டது. ‘வெல்லப்படக் காத்திருப்பவள்’ என்பது தலைப்பின் பொருள். வடமுனை ஒரு நங்கையாகப் பனிக்கட்டிகளின் நடுவே வீற்றிருக்கின்றாள். யாரேனும் வந்து தன்னைக் கைப்பற்றுக என அவள் காத்திருக்கின்றாள் என்பது குறிப்பு.

இப்படத்தில் நகை இல்லை. இருப்பது உவகையும் பெருமிதமும். நிலத்தை நங்கையாகவும் வீரனை அவளை வரைவானாகவும் உருவகித்தல் பல மொழி இலக்கியங்கட்கும் பொதுவான பழைய வழக்கு. மகட்பாற்காஞ்சி பயின்ற நம்மவர்க்கு அது புதிதன்று. நம் புறப்பாடல்கள், மகளை வேண்டி வந்த வேந்தரால் ஊர் அழியும் துயரையும் உடன் பாடின. பஞ்ச் படத்திலோ அத்துயர்க்கு இடமில்லை.

துயரோ பின்னர் வந்தது. ஆல்பர்ட் மார்க்கம் என்பாரின் குழு 1876 மே 12ஆம் நாள் 83 பாகை 20 கலை வடக்கு வரை சென்றது; அதுவரை எவரும் எட்டாத வடக்கெல்லை அதுவே. ஆயின் கனத்த பனிவண்டிகளைத் தாமே இழுத்துச் சென்ற மாலுமிகளை ஸ்கர்வி நோய் வீழ்த்தியது. சிலர் இறந்தனர். இரண்டு குளிர்காலம் தங்கக் கருதியிருந்த நேர்ஸ் ஓராண்டு முன்னரே மீண்டார். வடமுனை அடைதற்கு இயலாதது என அவர் விடுத்த தந்தியை நாடு மகிழ்ந்து ஏற்கவில்லை. நோய்க்குக் காரணம் யாது என ஆராயக் கடற்படை ஆட்சியகம் குழு அமைத்தது. வரலாற்று மாணவர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காணல் வேண்டும்: ஒருபுறம் இதழில் வீற்றிருந்த நங்கை, மறுபுறம் பல்லீறு அழுகி வண்டி இழுத்த மாலுமி. முன்னதை நோக்கிப் பின்னதை மறந்த பேதைமையை எள்ளியிருக்க வேண்டிய இதழே, பயணத்தின் தொடக்கத்தில் அப்பேதைமைக்கு மாலை சூட்டியது.

எனவே ஒரு வேறுபாடு பெறப்படுகின்றது. போட்டி நாட்டின் பெயரால் நடந்தபோது நகை இதழ் நாட்டின் பக்கம் நின்றது. போட்டி தனிமனிதர் இருவரின் பூசலாக வெளிப்பட்டபோதே அதன் எள்ளல் முழுவுரிமை பெற்றது. அப்படிப்பட்ட பூசல் 1909இல் மூண்டது.

4. ஐந்து நாள் இடைவெளியில் இருவர்

1909 செப்டம்பர் 1ஆம் நாள், ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள லெர்விக் என்னும் ஊரிலிருந்து ஒரு தந்தி சென்றது. பிரடெரிக் குக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1908 ஏப்ரல் 21ஆம் நாளே வடமுனையை அடைந்துவிட்டார் என்பது செய்தி. அவர் கோபன்ஹேகன் நகரில் பெருஞ்சிறப்புடன் வரவேற்கப்பட்டார். அந்நகர்ப் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் அளித்தது. விருந்து முடியுமுன்னரே, செப்டம்பர் 6ஆம் நாள், லாப்ரடார் கரையிலிருந்து ராபர்ட் பியரியின் தந்தி உலகிற்கு எட்டியது. 1909 ஏப்ரல் 6ஆம் நாள் தாமே முனையில் கொடி நாட்டியதாக அவர் அறிவித்தார். குக் கூறுவது பொய் என்றும் சொன்னார். நியூயார்க் ஹெரால்டு குக்கின் கதையை விலைகொடுத்துப் பெற்றிருந்தது. நியூயார்க் டைம்ஸ் பியரியின் பக்கம் நின்றது. முனையைப் பற்றிய போட்டி இரு நாளிதழ்களின் விற்பனைப் போட்டியும் ஆயிற்று.

நகை இதழ்கட்கும், கேலி அஞ்சலட்டை அச்சிட்டார்க்கும், பாட்டுக் கட்டினார்க்கும் இஃது அறுவடைக் காலம். அன்றைய படங்களில் அடிக்கடி வருவன சில. முனை ஒரு கம்பமாக நடப்பட்டிருக்கும். இருவர் அதனைக் கட்டிப்பிடித்து ஒருவரையொருவர் தள்ளுவர். கரடி முதலிய விலங்குகள் சூழ நின்று பார்க்கும். ஆங்கிலத்தில் ‘போல்’ என்னும் ஒரு சொல்லே துருவத்தையும் கம்பத்தையும் குறிக்கும். ஆதலின் இரட்டுறமொழிதல் தானே வாய்த்தது. துருவம் என்னும் சொல்லை அசையா நிலை என்ற பொருளில் ஆளும் நமக்கு அந்நயம் வாயாது. ஆயினும் அச்சொல் விளையாட்டின் உள்ளே ஓர் உண்மை உண்டு. வடமுனையில் நிலம் இல்லை. மிதந்து நகரும் பனிப்பாறையே உண்டு. இன்று நாட்டிய கொடி நாளை அவ்விடத்தில் இராது. காட்டுதற்கு ஒரு கம்பமும் இல்லாத இடத்தைக் கம்பமாக வரைந்த கேலிப்படக்காரர், சான்று காட்ட இயலாத ஒன்றற்கு இருவர் அடித்துக்கொள்கின்றனர் என்பதைச் சொல்லாமற் சொன்னார்.

அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் பாரிசின் ‘பெத்தி ஜூர்னால்’ நாளிதழ் தன் வண்ண இணைப்பின் முகப்பில் வெளியிட்ட படம் இங்குக் குறிப்பிடத்தக்கது. அது நகைச்சுவை இதழன்று. செய்திப் படங்களை வெளியிடும் இணைப்பு. ஆயினும் குக்கும் பியரியும் முனையில் நின்று குத்துச்சண்டை இடுவதாகவே அது வரைந்தது. இருவரும் அங்கு ஒருங்கு நின்றாரல்லர் என்பதை எவரும் அறிவர். போதாக்குறைக்குப் பென்குயின் பறவைகள் நின்று வேடிக்கை பார்க்கின்றன. பென்குயின் தென்பாதி உலகில் வாழ்வது. வடமுனையில் அதற்கு வேலையில்லை. செய்தி இதழே கேலிப்படத்தின் மொழியைக் கடன்கொண்டது என்பதை இது காட்டுகின்றது. நிகழ்ச்சி எது, நகை எது என்னும் எல்லை அழிந்துவிட்டது.

பூசலின் முடிவு நகைக்குரியதாக இல்லை. 1909 திசம்பரில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு, குக் தந்த தாள்களில் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தது. அவர் பின்னர் எண்ணெய்ப் பங்கு வழக்கில் 1923இல் சிறைத்தண்டனை பெற்றார். பியரியை அமெரிக்கச் சட்டமன்றம் 1911இல் சிறப்பித்தது. ஆயினும் அவர் கூற்றும் ஐயத்தினின்று விடுபடவில்லை. பியரி முனையை எட்டாமல் நின்றிருக்கக்கூடும் என்று, தாமே பனிக்கடலைக் கடந்தவராகிய வாலி ஹெர்பர்ட் 1989இல் எழுதினார். முனையை ஐயத்திற்கிடமின்றி முதலிற் கண்டவர் 1926 மே 12ஆம் நாள் நார்ஜ் என்னும் வான்கலத்தில் அதன் மேல் பறந்த அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே முதலியோர் என்பதே இன்று பலரும் ஏற்கும் முடிவு. இருவரையும் ஒருசேர நகைத்த 1909ஆம் ஆண்டுக் கேலிப்படம், ஒருவரை ஏற்று மற்றவரைத் தள்ளிய அறிஞர் அவைகளினும் உண்மைக்கு அணித்தாக நின்றது எனலாம்.

அதே 1926இல் இந்நகை குழந்தை இலக்கியத்துள்ளும் புகுந்தது. 1906 முதல் 1914 வரை பஞ்ச் இதழின் துணையாசிரியராக இருந்தவர் ஏ. ஏ. மில்ன். அவர் 1926இல் வெளியிட்ட ‘வின்னி த பூ’ என்னும் நூலில் சிறுவன் ஒருவன் விலங்குத் தோழரைக் கூட்டிக்கொண்டு வடமுனை காணப் புறப்படுகின்றான். கரடி எடுத்துக்கொடுத்த ஒரு கோலே வடமுனை என்று அவன் உறுதிசெய்து, கண்டவர் பெயரையும் எழுதி அங்கே நாட்டுகின்றான். முனை எது என்பதைத் தலைவன் சொல் முடிவு செய்கின்றது. பெயர் எழுதிய பலகை சான்றாகின்றது. 1909ஆம் ஆண்டுப் பூசலின் சாரம் சினமின்றி இக்குழந்தைக் கதையில் அடங்கிவிட்டது. தொல்காப்பியர் கூறிய இளமை என்னும் நிலைக்களத்தில் எள்ளல் வந்து சேர்ந்தது என்க.

5. பனியிடை எழுந்த இதழ்கள்

இனி, பயணம் போனார் தாமே நடத்திய இதழ்களைக் காண்போம். பாரி தொடங்கிய வழக்கம் நின்றுவிடவில்லை. 1845இல் 129 பேருடன் மறைந்த பிராங்கிளினைத் தேடிச் சென்ற கலங்களுள், ரெசல்யூட் என்பதில் 1850–51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ‘இல்லஸ்டிரேட்டட் ஆர்க்டிக் நியூஸ்’ என்னும் படவிதழும், அசிஸ்டன்ஸ் என்பதில் ‘அரோரா போரியாலிஸ்’ என்பதும் கையெழுத்தில் நடந்தன. 1893இல் நான்சென் பனியில் உறைய விட்ட பிராம் கலத்தில், மருத்துவர் பிளெசிங் ‘பிராம்ஷோ’ என்னும் நகை இதழை நடத்தினார். ஸ்காட் தலைமையில் டிஸ்கவரி கலம் தென்முனைப் பகுதியில் தங்கிய 1902இல் ‘சவுத் போலார் டைம்ஸ்’ தொடங்கப்பெற்றது. அதன் முதல் ஆசிரியர் எர்னஸ்ட் ஷாக்கில்டன். அவர் தட்டச்சுப்பொறியில் அதனை ஆக்கினார். எட்வர்டு வில்சன் படம் வரைந்தார். ஒவ்வோர் இதழுக்கும் படி ஒன்றே. ஏற்கப்படாத எழுத்துகளுக்காகவே ‘பிளிசார்டு’ என மற்றோர் இதழும் ஒருமுறை வந்தது. தள்ளப்பட்டவர் மனம் வருந்தாதபடி தள்ளுபடிக்கே ஓர் இதழ் நடத்திய இப்பண்பு, நகரத்துப் பதிப்பாளர் எவரும் நினையாத ஒன்று.

இவ்விதழ்களின் நகைக்கும் நகர் இதழின் நகைக்கும் உள்ள வேறுபாடு மூன்று. முதலாவது, நகைப்பவரும் நகைக்கப்படுபவரும் வாசிப்பவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். புண்படுத்தும் சொல் ஒன்று விழுந்தால், அதனை எழுதியவர் மறுநாள் அவனோடு அமர்ந்தே உண்ண வேண்டும். எனவே எள்ளல் அளவறிந்து நடந்தது. இரண்டாவது, எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டது. நகரத்தில் பெயருக்காகப் போட்டி. பனியில் பெயரை மறைத்து, எழுதியவர் யார் என்று ஊகிப்பதே விளையாட்டு. மூன்றாவது, நகரத்தில் நகைக்குப் பொருளானது வெற்றி பற்றிய கூற்று. பனியில் நகைக்குப் பொருளானவை உணவும் உறைபனியும் உறக்கமும் உடனுறைவாரின் குறும்புமே. முனையை வெல்லச் சென்றவர் தாம் நடத்திய இதழில் வென்றவராகத் தம்மை வரைந்துகொள்ளவில்லை. சறுக்கி விழுபவராகவே வரைந்துகொண்டனர்.

போட்டி உணர்ச்சி அவர்களிடம் இல்லை என்பது எம் கருத்தன்று. ஷாக்கில்டனும் ஸ்காட்டும் பின்னர்ப் போட்டியாளரே ஆயினர். ஆயின் போட்டி கனன்றது ஊர் திரும்பிய பின்னர், விருந்து மண்டபங்களிலும் அச்சகங்களிலும். 1911 திசம்பர் 14ஆம் நாள் தென்முனையை அடைந்த அமுண்ட்சென், பின்னர் இலண்டனில் அரச நிலவியற் கழகத்தில் உரையாற்றினார். அவ்விருந்தில் கழகத் தலைவர் கர்சன் பெருமகன், அமுண்ட்செனை விடுத்து அவர்தம் நாய்களுக்கு வாழ்த்துக் கூறினார் என அமுண்ட்சென் 1927இல் தம் தன்வரலாற்றில் குறை சொன்னார். கழகம் அதனை மறுத்தது. நடந்தது எதுவாயினும், நகைச்சொல் ஒன்று பதினைந்தாண்டு ஆறாப் புண்ணாக இருந்தது என்பதில் ஐயமில்லை. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை, தான் எள்ளப்பட்டவிடத்து நகுதல், எல்லார்க்கும் எளிதன்று.

அவ்வரிய நகை எத்துணை வலிமை உடையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுவோம். 1911 சூன் 22ஆம் நாள், தென்குளிர்கால நடுநாளில், செரி கேரார்டு என்னும் இளைஞர் ஆசிரியராக நின்று சவுத் போலார் டைம்ஸின் புதிய இதழை ஸ்காட்டின் கையில் தந்தார். ஓராண்டு கழிந்தது. ஸ்காட்டும் வில்சனும் உள்ளிட்ட ஐவர் முனைக்குச் சென்று மீளவில்லை. இறந்திருப்பர் என்பது தெளிவாகிவிட்டது. கேம்பெல் தலைமையில் வேறு கரையில் இறங்கிய அறுவரின் நிலையும் தெரியவில்லை. குடிலில் எஞ்சிய பதின்மூவர், வேனில் வந்ததும் இறந்தாரைத் தேடுவதா, இருப்பவராயின் காப்பாற்றத்தக்க அறுவரைத் தேடுவதா என்னும் கொடிய வினாவோடு இருளைக் கழித்தனர். அக்குளிர்காலத்திலும் செரி கேரார்டு இதழை ஆக்கினார். படம் வரைந்துதவிய வில்சன் பனியில் கிடக்க, இதழ் நிற்கவில்லை. முந்தைய பகுதிகள் 1907இலும் 1914இலும் இலண்டனில் நூலாயின. இப்பகுதி நெடுங்காலம் அச்சேறாமல் கிடந்து இந்நூற்றாண்டிலேதான் வெளிவந்தது. 1912 நவம்பர் 12ஆம் நாள் தேடிச் சென்றோர் கூடாரத்தையும் உடல்களையும் கண்டனர்.

அவலத்தின் நடுவே நகை பிறந்தது எங்ஙனம்? அது துயரை மறத்தற்கு எழுந்த நகையன்று என்றே கருதுகின்றோம். வழக்கமாகச் செய்வதை வழக்கம்போலச் செய்வதால், எஞ்சியோர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டனர். நகர் இதழில் நகை ஒரு படைக்கலம். பனியிடை இதழில் அது அடுப்பு.

6. சான்றாக எண்ணப்படாதோர்

இதுகாறும் கூறியவற்றால் நகை இதழ்கள் உண்மையை வெளிக்கொணர்ந்தன என்னும் எண்ணம் எழக்கூடும். அதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைச் சுட்டாமல் விடுதல் ஆய்வுக்கு இழுக்கு.

1818இல் ராஸின் கலத்தில் கிரீன்லாந்து இனுயிட் இளைஞர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். அவர் பெயர் ஜான் சாக்கூஸ். வடமேற்குக் கிரீன்லாந்து மக்களை ஆங்கிலேயர் முதன்முதல் சந்தித்த காட்சியை அவர் ஓவியமாக வரைந்தார். பனியின்மேல் வாளும் அணித்தொப்பியுமாக நிற்கும் அதிகாரிகளையும், கண்ணாடியைக் கையில் வாங்கி வியக்கும் மக்களையும் அதிற் காணலாம். ராஸின் நூலில் அது 1819இல் வெளிவந்தது. எள்ளும் நோக்கம் அவருக்கு இருந்ததோ இல்லையோ, அப்படத்தைக் காண்பார்க்கு எவர் கோலம் அவ்விடத்திற்குப் பொருந்தாதது என்பது விளங்கும். அவர் 1819 பிப்ரவரியில் எடின்பரோவில் இறந்தார்.

அவர் வரைந்த அம்மக்களின் வழியினரே தொண்ணூறாண்டு கழித்துக் குக்குடனும் பியரியுடனும் சென்றவர்கள். குக்குடன் அஹ்வேலா, எட்டுகிஷூக் என்னும் இருவர் சென்றனர். பியரியுடன் கடைசிவரை சென்றோர் ஐவர்: ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா என்னும் இனுயிட் நால்வரும், மாத்யூ ஹென்சன் என்னும் கறுப்பின அமெரிக்கரும். பார்ட்லட் என்னும் கலத்தலைவரைப் பியரி ஏப்ரல் முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார். ஆதலின் பியரிக்குச் சாட்சி இல்லை என்றனர் அவரை ஐயுற்றோர். கதிரவன் உயரத்தை அளந்து இடம் கணிக்க வல்லார் வேறொருவர் உடனில்லை என்னும் பொருளில் அது பொருந்தும். ஆனால் சாட்சியே இல்லை என்று பொதுவாகப் பேசப்பட்டபோது, ஐந்து மனிதர் கணக்கில் வாராது போயினர். மறுபுறம், குக்குடன் சென்ற இருவரும் தாங்கள் நிலத்தைவிட்டு நெடுந்தொலை செல்லவில்லை என்று சொன்னதாகப் பியரியின் பக்கத்தார் 1909 அக்டோபரில் வெளியிட்டனர். இனுயிட் மக்களின் சொல், எதிரியை வீழ்த்த உதவியபோது சான்றாயிற்று. உதவாதபோது சொல்லாகவே எண்ணப்படவில்லை.

இம்முரணே எள்ளத்தக்கவற்றுள் தலையாயது. குக்கையும் பியரியையும் கம்பத்தின் அடியிற் கட்டிப்புரளச் செய்த கேலிப்படக்காரரோ, அம்மக்களைக் கரடியோடும் பென்குயினோடும் ஒப்பப் பின்னணியில் நிற்கும் வேடிக்கைப் பொருளாகவே கொண்டார். நகைக்கும் உரிமையும் அவர்க்கில்லை; நகைக்கப்படும் தகுதியும் அவர்க்கில்லை. போட்டியாளர் என எண்ணப்பட்டாலன்றோ எள்ளப்படுவர்? ஹென்சன் தம் வரலாற்றை 1912இல் நூலாக எழுதினார். ஆய்வுப் பயணியர் மன்றம் அவரை உறுப்பினராக ஏற்றது 1937இல். அவர் 1955இல் இறந்தார். ஆர்லிங்டன் நினைவுக் கல்லறையில் பியரியின் அருகே அவர் உடல் மீள அடக்கஞ் செய்யப்பட்டது 1988இல். கேலிப்படங்கள் விரைவில் வந்தன. நடுநிலை மெல்ல வந்தது.

7. முடிவு

மேற்கூறியவற்றின் பயனை இங்குத் தொகுத்துக் கூறுவோம். நகர் இதழ்களின் எள்ளல் துருவத்தை அன்று, துருவம் பற்றிய கூற்றையே இலக்காகக் கொண்டது. அதனால் கூற்றின் பொய்ம்மையைக் காணும் கூர்மை அதற்கு வாய்த்தது. தன் நாட்டின் பெருமை நடுவே நின்றபோது அக்கூர்மை மழுங்கியது. பனியிடை இதழ்களின் நகை தம்மையே நோக்கியது. ஆதலின் பூசலை மூட்டாமல் உயிரைப் புரந்தது. இருவகை இதழ்களும் பனியை உண்மையில் தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்த மக்களைச் சான்றாக ஏற்கவில்லை.

நகை இதழ்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வு மாணவர்க்கு இதிலிருந்து ஒரு நெறி கிடைக்கின்றது. ஓர் இதழ் எள்ளியவற்றைத் தொகுத்தல் எளிது. அவை பக்கத்தில் கண்முன் இருக்கின்றன. அது பாராட்டியவற்றையும், அதன் பின்னணியில் பெயரின்றி நின்றோரையும் உடன்வைத்துத் தொகுத்தல் அரிது. 1909ஆம் ஆண்டுப் பக்கங்களில் குக்கும் பியரியும் எளிதிற் புலப்படுவர். ஊட்டாவையும் எட்டுகிஷூக்கையும் அங்குத் தேடுவார்க்கே அவ்விதழ்களின் முழு வரலாறும் புலப்படும்.